திருட்டுப் பொருளைப் பெற்றது எப்போது குற்றமாகும்: சோதித்துப் பார்க்கும் முறை

திருடியவர் ஒருவர், அந்தப் பொருளைப் பெற்றவர் இன்னொருவர் என்றால், பெற்றவர் மீது தனிக் குற்றம் நிற்குமா என்று அறியச் சில கேள்விகளை வரிசை மாறாமல் கேட்க வேண்டும். முதற்கேள்வி, அது சட்டத்தின் பார்வையில் திருட்டுப் பொருளா என்பது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆம் பிரிவு, திருட்டு, மிரட்டிப் பறித்தல், கொள்ளை, ஏமாற்றுதல் ஆகியவற்றால் கைமாறியதையும், கையாடப்பட்டதையும், நம்பிக்கை மோசடிக்கு உள்ளானதையும் ஒருசேரத் திருட்டுச் சொத்து என்கிறது. இவற்றுள் ஏமாற்றுதல் அதற்கு முன்பிருந்த 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இல்லாதது, புதிதாகச் சேர்க்கப்பட்டது.

அந்தப் பொருள், அதைச் சட்டப்படி வைத்திருக்க உரிமையுள்ளவரிடம் வந்துவிட்டால் திருட்டுச் சொத்தாக இருப்பது முடிந்துவிடும். பலர் கவனிக்கத் தவறும் இடம் இது. 1973-இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கில், திருட்டு இறைச்சி டப்பாக்கள் ஏற்றிய வாகனத்தைப் பிடித்த போலீசார், பெறுபவர்களையும் பிடிக்க எண்ணி அதைத் தொடர்ந்து போகவிட்டார்கள். போலீசாரின் பிடிக்குள் வந்துவிட்ட சரக்கு இனித் திருட்டுச் சரக்கு அல்ல என்பதால், குற்ற முயற்சி என்று மட்டுமே வழக்குத் தொடுக்க முடிந்தது, திருட்டுப் பொருளே இல்லாதபோது அதைப் பெற முயன்றதும் குற்றமாகாது என்று சொல்லப்பட்டதால் அதுவும் நிற்கவில்லை. முயற்சி குறித்த அந்த நிலையை 1981-ஆம் ஆண்டுச் சட்டம் பிறகு மாற்றிவிட்டது.

அடுத்தது, பொருள் அவர் வசத்தில் இருந்ததா என்பது. பலர் புழங்கும் அறையில் கிடந்தது என்பது மட்டும் போதாது. அது அங்கிருப்பதை அறிந்து, தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்திருக்க வேண்டும்.

வழக்கின் உயிர்நாடி மூன்றாவது கேள்வி: அவருக்குத் தெரியுமா? இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் அறிந்திருத்தல் அல்லது நம்பியிருத்தல் வேண்டும் என்கிறது. அங்கே வெறும் சந்தேகம் போதாது. இந்தியச் சட்டமோ அறிந்திருத்தல் அல்லது நம்புவதற்குக் காரணம் இருத்தல் என்று இன்னும் அகலமாகச் சொல்வதால், "நான் நம்பவில்லை" என்ற பதில் மட்டும் காப்பாற்றாது. கண்முன் இருந்த சூழல் எதைக் காட்டியது என்றே நீதிமன்றம் பார்க்கும். சந்தை விலையில் சிறு பங்குக்குக் கிடைத்த கைப்பேசி, சுரண்டி அழிக்கப்பட்ட வரிசை எண், ரசீதும் பெயரும் தர மறுத்த விற்பனையாளர் என எல்லாம் சேர்ந்து வரும்போது அறியாமை என்ற வாதம் மெலிந்துவிடுகிறது. என் கணிப்பில், மலிவான விலை ஒன்றை மட்டுமே வைத்து முடிவுகட்டுவது அவசரம். அவசரத் தேவைக்காக விற்பவரும் குறைத்தே விற்பார்.

இந்த அறிவு எப்போது வந்தது என்பதும் முக்கியம். 317-ஆம் பிரிவு "பெறுதல்" என்பதோடு "வைத்திருத்தல்" என்பதையும் தண்டிப்பதால், வாங்கியபோது ஒன்றுமறியாதவர், உண்மை தெரிந்த பின் நேர்மையற்ற எண்ணத்தோடு பொருளைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் அப்போது குற்றத்துக்குள் வருகிறார். உரியவரிடம் சேர்ப்பதற்காக வாங்கி வைத்தவரிடம் அந்த எண்ணம் இல்லை. அமெரிக்க மாநிலங்களுக்கு முன்மாதிரியாக எழுதப்பட்ட 1962-ஆம் ஆண்டு மாதிரித் தண்டனைச் சட்டம் இந்த விலக்கை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

மனத்துள் இருந்ததை மெய்ப்பிப்பது கடினம் என்பதால், திருட்டு நடந்த சற்றுக் காலத்துக்குள் பொருள் ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் விளக்காவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே பெற்றார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். அனுமானித்தே தீர வேண்டும் என்பதில்லை. எளிதில் கைமாறும் ரொக்கத்துக்கு இந்தக் காலம் குறுகியது, அரிதாக விற்கப்படும் இயந்திரத்துக்கு நீண்டது. நம்பத்தக்க விளக்கம் வந்துவிட்டால், குற்றத்தை ஐயமற மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பிடமே இருக்கும்.

மெய்ப்பிக்கப்பட்டால் இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். திருட்டுப் பொருள் வியாபாரத்தையே வழக்கமாக்கிக் கொண்டவருக்கு அது ஆயுள் சிறை வரை போகும்.