கடவுள் வேடம் ஏற்று ஆடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலர் சேர்ந்து இணையத்தில் எழுதி ஆடும் ரோல்பிளேயில் வீரன், திருடன், மந்திரவாதி என்று எல்லா வேடமும் போட்டுப் பழகியவர்கள்கூட, சொந்தமாக ஒரு கடவுளைப் படைத்து ஆட வந்ததும் தடுமாறுகிறார்கள். வீரனுக்கு வாள் உடையும், காசு தீரும், கால் வலிக்கும். கடவுளுக்கு எதுவும் தீராது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் முளைக்கின்றன.

அதில் பெரிய தவறு, அடுத்தவர் பாத்திரத்துக்கும் சேர்த்து நாமே எழுதிவிடுவது. ஆட்டக்காரர்கள் இதைக் காட்மாடிங் என்பார்கள். ஒரு பதிவைப் பாருங்கள்:

“என் கடல் பொங்கி எழுந்தது. உன் நகரம் மூழ்கியது. உன் தெய்வம் என் காலில் விழுந்தது.”

இதில் முதல் வாக்கியம் மட்டும்தான் எழுதியவருக்குச் சொந்தம். நகரத்தைக் கட்டியவர் வேறொருவர். அது மூழ்குமா, மிதக்குமா, கடலோடு பேரம் பேசுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

“கடல் பொங்கி, நகர வாசலின் மூன்றாம் படி வரை ஏறி நின்றது. நான்காம் படிக்கு யார் இறங்கி வருகிறார்கள் என்று பார்க்கிறது.”

மிரட்டல் கொஞ்சமும் குறையவில்லை, கூடத்தான் செய்திருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு எழுத ஒரு படியும் மிச்சம் இருக்கிறது.

இதன் மறுபக்கம், தன்மேல் எதுவும் படாத தெய்வம். எய்த அம்பு விலகும், இட்ட சாபம் உதிரும். இரண்டு சுற்றுக்குள் யாரும் அதன் பக்கம் வரமாட்டார்கள். நினைவில் நிற்கும் தெய்வக் கதைகளை யோசித்துப் பாருங்கள். வட ஐரோப்பியரின் நார்ஸ் புராணத்தில் ஓடின் என்ற கடவுள் ஞானக் கிணற்றில் ஒரு வாய் குடிக்கத் தன் கண்ணையே கொடுக்கிறார். இரணியனுக்குக் கொடுத்த வரத்தைக் கொடுத்தவராலேயே திரும்ப வாங்க முடியவில்லை. அந்திப் பொழுதும் வாசற்படியும் கதைக்குள் வந்ததே அதனால்தான். ஆகவே உங்கள் கடவுளால் என்னென்ன முடியும் என்று எழுதும் முன், முடியாதவை மூன்றை எழுதுங்கள்.

நான் ஒருமுறை மறதிக்கு ஒரு தேவதையைப் படைத்தேன். யாருடைய நினைவையும் அழிப்பாள். இரண்டு வாரத்தில் அவளோடு ஆட ஆளில்லை. குழுவோடு பேசிவிட்டு ஒரு விதி சேர்த்தேன்: அவள் அழிக்கும் ஒவ்வொரு நினைவையும் அவளே சுமக்க வேண்டும். அப்புறம் மற்றவர்களின் பாத்திரங்கள் அவளைத் தேடி வரத் தொடங்கின. “நான் எதை மறந்தேன், சொல்” என்று ஒரு கிழட்டு அரசன் அவள் முன் வந்து உட்கார்ந்த காட்சிதான் அந்த ஆட்டத்திலேயே எனக்கு மிகப் பிடித்தது.

அதிகாரப் பரப்பிலும் இதே கணக்குதான். மரணம், விதி, காலம் மூன்றையும் ஒருவரே எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? பூட்டிய கதவுகளின் கடவுள் என்று வைத்துப் பாருங்கள். சிறை, ரகசியம், புதையல், வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வராதவர்களின் துக்கம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

வேகமும் ஒரு சிக்கல். நாள் முழுக்க இணையத்தில் இருப்பவர், மற்றவர்கள் தூங்கி எழுவதற்குள் ஐந்து கண்டங்களைப் படைத்து முடித்திருப்பார். 2005-இல் வந்த டான் ஆஃப் வேர்ல்ட்ஸ் என்ற விதித்தொகுப்பு இதற்கு நல்ல வழி வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு பகடை உருட்டி, விழும் எண்ணுக்கு ஏற்ற சக்திப் புள்ளிகளை வைத்துத்தான் கடவுள்கள் எதையும் செய்ய முடியும். ஆட்டம் மூன்று யுகங்களாக நடக்கும். நிலத்தை வடிவமைக்க முதல் யுகத்தில் 3 புள்ளி, மூன்றாம் யுகத்தில் 8. புதிய இனத்தைப் படைக்க முதல் யுகத்தில் 22, இரண்டாம் யுகத்தில் வெறும் 6. ஆக ஒவ்வொரு யுகத்துக்கும் அதற்கேற்ற வேலை தானாக அமைந்துவிடுகிறது. இவ்வளவு கணக்கு வேண்டாம் என்றால், ஒரு சுற்றுக்கு ஒரு பெரிய செயல், எல்லோரும் எழுதிய பிறகே அடுத்த சுற்று என்று பேசிவைத்தாலே போதும்.

“கடவுளுக்கு எல்லாம் தெரியும்” என்ற சாக்கும் ஆட்டத்தைக் கெடுக்கும். வேறு இருவர் எழுதிய ரகசியக் காட்சியை நீங்கள் படித்திருக்கலாம். உங்கள் கடவுளுக்கு அது எப்படித் தெரியும்? பிரார்த்தனை வழியாகவா, நெருப்பு வழியாகவா, பறவைகள் சொல்லியா? ஏதாவது ஒரு வழியை முன்பே தீர்மானித்து, அந்த வழியில் வராத செய்தி தெரியாது என்று இருங்கள்.

அடுத்தது தமிழில் ஆடும்போது அதிகம் கண்ணில் படுவது. எல்லாக் கடவுளும் “அற்ப மானிடனே!” என்றுதான் வாய் திறக்கிறார்கள். பெயரை மறைத்துவிட்டால் யார் பேசுவது என்றே தெரியாது. அறுவடைக் கடவுள் கணக்குப் பார்ப்பவர் மாதிரி பேசட்டும். புயலின் கடவுள் பாதி வாக்கியத்தில் நிறுத்தட்டும். செந்தமிழை ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் அவர் பேசும்போது கனம் கூடும்.

மனிதர்களை மறந்துவிடாதீர்கள். கட்டளையைத் தப்பாகப் புரிந்துகொண்ட பூசாரி ஒருவர் போதும், ஒரு மாதத்துக்குக் கதை ஓடும்.

இன்று மக்கள் வணங்கும் தெய்வத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக் கொண்டுவருவது வேண்டாம். அதே குழுவில் அந்தத் தெய்வத்தைக் கும்பிடுபவர் இருக்கலாம். ஆட்டத்தின் நடுவே அவர் மனம் நோக எந்தத் தேவையும் இல்லை. இரண்டு தெய்வங்கள் கடுமையாக மோதும்போது, கதைக்கு வெளியே வந்து “இது உனக்குச் சரிதானே?” என்று அடுத்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையோ உடல்நலமோ காரணமாக விலக நேர்ந்தால் சொல்லாமல் போய்விடாதீர்கள். உங்கள் கடவுளை நம்பி மற்றவர்கள் கோயிலும் போரும் எழுதியிருப்பார்கள். அவரைக் கொல்ல வேண்டியதில்லை, ஒரு மலைக்கு அடியில் உறங்க வையுங்கள். எழுப்புவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.