ஈசிஆரில் குடும்பத்தோடு முதல் கார் பயணம்: எங்கெங்கே இடதுபக்கம் திரும்புவது?

கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) என்று பெயர் இருந்தாலும், காரிலேயே உட்கார்ந்து போனால் கடல் அதிகம் கண்ணில் படாது. சவுக்குத் தோப்பு, ரிசார்ட் மதில், மனை விளம்பரம் என்று ஏதாவது மறைத்துக்கொண்டே வரும். முதல் தடவை நாங்கள் சென்னையிலிருந்து பாண்டிச்சேரி வரை ஒரே மூச்சில் போய்விட்டோம். "கடல் எப்பப்பா வரும்?" என்று கேட்டுக் கேட்டே மகள் தூங்கிப்போனாள். அதிலிருந்து, எங்கே திரும்ப வேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டுதான் கிளம்புகிறோம்.

தெற்கே போகும்போது கடல் நமக்கு இடதுபக்கம். எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே போகாமல் சட்டென்று திரும்பிவிடலாம். அதனால் பார்க்க வேண்டியதை எல்லாம் போகும்போதே பார்த்துவிடுங்கள்.

படி 1: நாள் குறிப்பது

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, புயல் பயம் உண்டு. ஜனவரி, பிப்ரவரி அருமையான மாதங்கள். திங்கட்கிழமை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு விடுமுறை, செவ்வாய்க்கிழமை முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. போகும் தூரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர்தான். ஆனாலும் போவதற்கே இரண்டு நாள் ஒதுக்குங்கள், திரும்புவது மூன்றாம் நாள்.

படி 2: வண்டி

ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்பக்கச் சட்டத்தில் டயர் காற்றின் அளவு எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சுமையும் நிறைந்த வண்டிக்குத் தனி அளவு போட்டிருப்பார்கள். டயர் சூடாவதற்கு முன், வீட்டுக்குப் பக்கத்து பெட்ரோல் பங்கிலேயே அந்த அளவுக்குக் காற்று பிடியுங்கள். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். காலை வெயில் இடதுபக்க ஜன்னலில்தான் அடிக்கும். குழந்தை அங்கே உட்கார்ந்தால் ஒரு மறைப்பு வேண்டும்.

படி 3: கட்டுச்சோறு

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை. தயிர்சாதத்தைப் பால் நிறைய, தயிர் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தால் மதியம் புளிக்காது. தேங்காய்ச் சட்னி வேண்டாம். குமட்டலுக்கு இஞ்சி மரப்பா.

படி 4: முதல் நாள், மாமல்லபுரம் வரை

காலை 8 மணிக்குத் திருவான்மியூரைத் தாண்டினால் போதும். உத்தண்டியில் சுங்கச்சாவடி உண்டு. முதல் நிறுத்தம் வடநெம்மேலி முதலைப் பண்ணை. ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. அடுத்து, மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் சாளுவன்குப்பம் புலிக்குகை என்னும் பல்லவர் காலக் குடைவரை. பிள்ளைகளைப் பக்கத்திலிருக்கும் செங்கல் முருகன் கோயிலுக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த அகழாய்வில் மணலுக்கடியிலிருந்து வெளிவந்த கோயில் அது. கடல் ஒன்றை மூடும், ஒன்றைத் திறக்கும் என்பதை என் மகள் அங்கேதான் புரிந்துகொண்டாள்.

ராத்திரி மாமல்லபுரத்திலேயே தங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் கடற்கரைக் கோயிலின் மேல் விழும் வெளிச்சத்துக்காகவே தங்கலாம். அங்கே வாங்கும் டிக்கெட்டே ஐந்து ரதங்களுக்கும் செல்லும். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கடலில் குளிக்க விடாதீர்கள். இந்தக் கரையில் அலை திரும்பும்போது காலை வாரும் இழுப்பு அதிகம். கணுக்கால் அளவு தண்ணீரில், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி.

படி 5: இரண்டாம் நாள், பாண்டிச்சேரி வரை

கடப்பாக்கத்தில் இடதுபக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 1750-இல் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்து, 1760-இல் ஆங்கிலேயர் இடித்தது. செங்கல்லும் சுண்ணாம்புமாக உடைந்து நிற்கும் மதிலுக்கு அப்பால் உப்பங்கழி, அதற்கப்பால் மணல்திட்டு, அப்புறம் கடல். வண்டியைக் கெட்டித் தரையிலேயே நிறுத்துங்கள். மணலில் சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். கால்மிதியைச் சக்கரத்துக்கு முன்னால் செருகி மெல்ல எடுக்க வேண்டும்.

அடுத்து மரக்காணம் உப்பளம். இதை மட்டும் தவறவிடாதீர்கள். வெயில் ஏறிய நேரம், பாத்தி பாத்தியாகக் கண்ணாடி போலத் தண்ணீர். ஒருவர் நீளக் கைப்பிடி போட்ட பலகையால் உப்பை வாரி வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பாப்பா பக்கத்துல வந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். "செருப்பைக் கழட்டிட்டு வரப்பு மேலயே வரச் சொல்லுங்க" என்றார். அவர் காலில் உப்பு அரித்து வெடித்த கோடுகள். மகள் உள்ளங்கையில் கொஞ்சம் உப்பு வைத்தார். ஈரமாக, சதுரம் சதுரமாக, லேசான சாம்பல் நிறத்தில். அவள் அதை டிபன் டப்பா மூடியில் வைத்து வீடு வரை கொண்டுவந்தாள். நீங்களும் கேட்டுவிட்டே இறங்குங்கள். வெயிலில் அவர்கள் சேர்த்த விளைச்சல் அது.

பாண்டிச்சேரிக்கு மாலை 5 மணிக்குள் போய், காரை உள்தெருவில் நிறுத்துங்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குமேல் வண்டிகளுக்கு அனுமதியில்லை. பாட்டியும் பேத்தியும் நடுரோட்டில் கைகோத்து நடக்கலாம்.

படி 6: மூன்றாம் நாள், திரும்புவது

இப்போது கடல் வலதுபக்கம். எங்கே நிறுத்தினாலும் பிள்ளைகளோடு சாலையைக் குறுக்கே தாண்ட வேண்டும். அதனால் நாங்கள் திண்டிவனம் வழியாக நான்குவழிச் சாலையைப் பிடித்துவிடுவோம், இருட்டுவதற்குள் வீடு சேரும்படி. மறுநாள் காலை முதல் வேலையாக, வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும்.