குளிர்காலக் காலையில் டீசல் டிராக்டரைக் கிளப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை சில நாட்களில் 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த நாட்களில் என் பட்டறைக்கு வரும் டிராக்டர்களில் பல, உழைத்துத் தேய்ந்தவை அல்ல. காலையில் கிளப்பும் முறை தெரியாமல் கெடுக்கப்பட்டவை. எங்கள் தலைமுறை செய்து நட்டப்பட்ட அதே காரியங்களை, புதிதாக வண்டி வாங்கிய இளைஞர்கள் அப்படியே திரும்பச் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. நிறுத்தும் குமிழை உள்ளே தள்ள மறப்பது, டீசல் தீர்ந்த வண்டிக்குச் செல்ஃப் அடிப்பது போன்றவற்றை ஒருமுறை பட்டவர் தாமே திருத்திக்கொள்வார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

செல்ஃபை விடாமல் அடிப்பது

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது காற்று பதினாறில் அல்லது பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கப்பட்டு, அந்த நெருக்கத்தாலேயே சூடேறி, அதன் மேல் பீய்ச்சப்படும் டீசல் பற்றிக்கொள்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் வழியே கசிவதற்கும், சூடு குளிர்ந்த இரும்புக்குள் இறங்குவதற்கும் நேரம் கிடைத்துவிடும். குளிரில் ஆயில் தடித்து, பேட்டரியின் வலுவும் குறைந்திருப்பதால், முதல் பத்து நொடிகளில் கிளம்பாத வண்டி அடுத்த அரை நிமிடத்தில் இன்னும் மெதுவாகத்தான் சுற்றும். அதற்குள் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுருள் கருகத் தொடங்கிவிடும். பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். கிளட்சை முழுவதுமாக மிதித்துக்கொண்டு அடித்தால், கியர் பெட்டியின் தடித்த ஆயிலையும் சேர்த்துச் சுற்ற வேண்டிய சுமை ஸ்டார்ட்டருக்கு இல்லை.

ஏர் கிளீனரில் பெட்ரோல் காட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இது ஒன்றுதான். வண்டி கிளம்பவில்லை என்றதும் பெட்ரோலில் நனைத்த துணியைக் காற்று இழுக்கும் குழாயில் பிடிப்பார்கள், அல்லது ஈதர் ஸ்ப்ரேயை உள்ளே அடிப்பார்கள். வண்டி உடனே உறுமிக்கொண்டு கிளம்பும்; செய்தவருக்கு அது ஒரு வித்தையாகத் தோன்றும்.

உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். டீசலைப் பம்ப் சரியாக எப்போது பீய்ச்ச வேண்டுமோ அப்போதுதான் பீய்ச்சுகிறது, அதாவது பிஸ்டன் உச்சியை நெருங்கும் வேளையில். காற்றோடு கலந்து நுழையும் ஈதர் ஆவியோ பெட்ரோல் ஆவியோ அதுவரை காத்திருப்பதில்லை; குறிப்பாக ஈதர், பிஸ்டன் பாதி வழியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிடும். மேலே போகும் பிஸ்டனை அந்த வெடிப்பு கீழே தள்ள, ஸ்டார்ட்டரும் ஃப்ளைவீலும் அதை மேலே தள்ள, இரண்டுக்கும் நடுவில் அகப்படுவது பிஸ்டனைத் தாங்கிச் சுற்றவைக்கும் கனெக்டிங் ராட். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள வண்டியில் சூடான கம்பியின் மேலேயே ஈதர் படுவதால் காற்றுக் குழாயிலேயே தீப்பிடிக்கும். போதாததற்கு, பெட்ரோல், பிஸ்டன் ஏறி இறங்கும் லைனர் சுவரில் இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தையும் கழுவிவிடுகிறது. ரிங் வறண்டு உரசித் தேய, அழுத்தம் குறைய, நாளாக ஆக அந்தத் துணி இல்லாமல் வண்டி கிளம்பாத நிலை வந்துவிடும்.

சென்ற மார்கழியில் ஓர் இளைஞர் தம் வண்டியை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கோஸ் லோடு ஏற்றும் அவசரத்தில் காலைதோறும் துணியைப் பிடித்தே கிளப்பியிருக்கிறார். ஒரு நாள் பலத்த தட்டல் சத்தத்தோடு எஞ்சின் நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனில் ரிங் உட்காரும் வரம்பே உடைந்து, லைனரில் ஆழமாகக் கோடு விழுந்து, ராடும் வளைந்திருந்தது. மதியத்தில் ஒரே அடியில் கிளம்புகிற வண்டி காலையில் மட்டும் மக்கர் செய்ததால், குளிர்தான் காரணம் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். உண்மையான காரணம் டீசல் லைனில் நசுங்கிப்போன ஒரு செம்பு வாஷர். அதன் வழியே காற்று நுழைந்து, இரவெல்லாம் டீசல் டாங்கிக்குத் திரும்பி வடிந்திருக்கிறது. சில ரூபாய் வாஷருக்காக ஓர் எஞ்சின் வேலையையே செய்ய வேண்டியதாயிற்று. இந்தத் துணி வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அனுபவமுள்ள ஓட்டுநர் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரை ஒருவர் பார்த்திருந்தாலே விஷயம் தெரிந்திருக்கும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை என்று பொருள். வேகம், அழுத்தம், ஹீட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஃபில்டரையும் இணைப்புகளையும் பார்த்து, கைப்பம்ப்பால் காற்றை வெளியேற்ற வேண்டும். நல்ல நிலையில் உள்ள டீசல் எஞ்சினுக்கு நம் ஊர்க் குளிர் ஒரு பொருட்டே அல்ல.

தரையில் நின்று ஸ்டார்ட்டரை ஷார்ட் செய்வது

சாவியைத் திருப்பாமல், ஸ்டார்ட்டர் முனைகளை இரும்பால் இணைத்துக் கிளப்புவது கூடவே கூடாது. கியரில் இருந்தால் பின்சக்கரம் உங்கள் மேல் ஏறும்.

ஹீட்டருக்குப் பொறுக்காமல் சாவியைத் திருப்புவது

கையேட்டில் சொல்லியிருக்கும் நொடிகள் வரை காத்திருங்கள்.

முனைகளைப் பார்க்காமல் பேட்டரியை மாற்றுவது

ஓய்விலிருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் சார்ஜ் இருக்கிறது. அப்படியும் செல்ஃப் இழுக்கவில்லையென்றால், ஒருமுறை அடித்துவிட்டுக் கேபிள் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் முனையில்தான் பிடிப்பு சரியில்லை. சேஸில் பூட்டியிருக்கும் எர்த் கேபிளைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. அந்த இடத்தின் துருவையும் பெயிண்டையும் சுரண்டி இறுக்கிய பிறகு, தூக்கி எறிய இருந்த பேட்டரி இன்னொரு குளிர்காலம் உழைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கிளம்பியதும் ஆக்சிலேட்டரை முழுதாக இழுப்பது

குளிர்ந்த ஆயில் மேலே வால்வுகளை அழுத்தும் ராக்கர் வரைக்கும், டர்போ உள்ள வண்டியில் அதன் தண்டு வரைக்கும் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும். ஆயில் அழுத்த விளக்கு அணையும் வரை ஆக்சிலேட்டரைத் தொடாமல், பிறகு நிமிடத்துக்கு 1000 முதல் 1200 சுற்றுகள் என்ற வேகத்தில் சில நிமிடங்கள் ஓட விடுங்கள். அதற்காக அரை மணி நேரம் நிறுத்தி வைத்து ஓட்டுவதும் தவறு. சுமையில்லாத எஞ்சின் எளிதில் சூடாகாமல், எரியாத டீசல் ஆயிலில் கலக்கும். கொட்டகையிலிருந்து வயல் வரைக்கும் நிதானமாக ஓட்டிச் சென்றால் அதிலேயே எஞ்சின் பதமாகிவிடும். ரோட்டாவேட்டரைத் தூக்கி இறக்கும் வேலையை மட்டும், லிஃப்ட் ஆயில் இளகும் வரை ஒன்றிரண்டு முறை மெதுவாகச் செய்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.