பம்பெல்லாம் பெயரில்லாத பெட்டியாக வந்தால்

கட்டடம் ஒப்படைக்கும் நேரத்தில் ரெவிட் என்ற வடிவமைப்பு மென்பொருளில் போட்ட மாடலை, மற்ற மென்பொருள்களும் படிக்கும் ஐஎஃப்சி என்ற பொதுக் கோப்பாக மாற்றிப் பராமரிப்பு மென்பொருளில் ஏற்றினோம். சுவர், கதவு எல்லாம் ஒழுங்காக வந்தன. பம்புகளுக்கும் சில்லர்களுக்கும் (ஏசிக்கு நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) மட்டும் வடிவம் இருக்கிறது, சர்வீஸ் அட்டவணை போடலாம் என்று கருவிப் பட்டியலைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. மென்பொருள்காரர் மாடலைக் குறை சொன்னார், மாடல் போட்டவர் மென்பொருளை. வழக்கம்போலத்தான்.

ஐஎஃப்சி கோப்பு வெறும் எழுத்துதானே, நோட்பேடில் திறந்து பம்பின் பெயரைத் தேடினேன். அந்த வரியிலேயே ‘ஐஎஃப்சி பில்டிங் எலிமென்ட் ப்ராக்ஸி’ என்று இருந்தது. இன்ன வகை என்று சொல்லப்படாத பொருள் எல்லாம் போய் விழுகிற இடம் அது. பம்பின் ஃபேமிலியை, அதாவது ரெவிட்டில் அதற்கான மூல வடிவத்தை, வகை சொல்லாத ‘ஜெனரிக் மாடலாக’ வரைந்திருக்கிறார்கள். அதனால்தான் அது பம்பு என்றே மென்பொருளுக்குத் தெரியவில்லை.

சரி, செய்தது இதுதான். ரெவிட்டில் அந்த ஃபேமிலியின் டைப் ப்ராப்பர்ட்டீஸில் ‘எக்ஸ்போர்ட் டைப் டு ஐஎஃப்சி ஆஸ்’ என்ற இடத்தில் ‘ஐஎஃப்சி பம்ப்’, சில்லருக்கு ‘ஐஎஃப்சி சில்லர்’ என்று கொடுத்து, 2எக்ஸ்3 என்ற பழைய ஐஎஃப்சி பதிப்பை விட்டுவிட்டு அடுத்த பதிப்பான ஐஎஃப்சி4-இல் ஏற்றுமதி செய்தேன். 2எக்ஸ்3-இல் ஒவ்வொரு பம்பும் ‘ஃப்ளோ மூவிங் டிவைஸ்’ என்று பொதுவாகத்தான் வரும், ஃபேனும் அதே கூட்டத்தில்தான்.

இதைச் சரிசெய்கிறேன் என்று பழைய பம்பை அழித்துப் புதிதாக வைக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள தனி அடையாளக் குறியீடான ஜியுஐடி மாறிவிடும், அப்புறம் மென்பொருள் அதை வேறு பம்பு என்று எடுத்துக்கொண்டு பழைய சர்வீஸ் வரலாற்றை அநாதையாக விட்டுவிடும். டைப்பில் மட்டும் மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

அறைகள் வரவில்லை என்றால் அது வேறு கதை: வியூவில் தெரிவதை மட்டும் ஏற்றுமதி செய்யும்போது, 3டி வியூவில் அறைகளையும் சேர்க்கும் டிக்கைத் தனியாகப் போட வேண்டும்.