செட்டிநாட்டிலிருந்து குழந்தை, குடும்ப உளவியல் பயிலச் செல்வோருக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து இத்துறைக்குச் செல்வோர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது பதிவைப் பற்றியது. எம்.எஸ்சி. உளவியல் முடித்தவர் பள்ளி ஆலோசகராக வேலை பார்க்கலாம். ஆனால் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற, இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்றுக்கொண்ட படிப்பை, மேற்பார்வையுடன் கூடிய நேரடிப் பயிற்சியோடு முடித்திருக்க வேண்டும். நெடுங்காலம் அதற்கான வழி இரண்டாண்டு எம்.ஃபில். ஆக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியபின், மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு அளித்தது. ஆகவே முன்பு படித்தவர்கள் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாமல், சேரும் ஆண்டில் கவுன்சிலின் பட்டியலில் அந்தப் படிப்பும் அந்தக் கல்லூரியும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆறு மாத இணையவழிச் சான்றிதழ் எதுவும், விளம்பரம் என்ன சொன்னாலும், இதற்கு ஈடாகாது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் குழந்தை மனநலத்துக்கெனத் தனித்துறையே உண்டு. வேறு எங்கு விண்ணப்பித்தாலும் குழந்தைகள் பிரிவில் எத்தனை மாதப் பயிற்சி கிடைக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அறிவுத்திறனை அளக்கும் பினே-காமத், சமூக முதிர்ச்சியை அளக்கும் வைன்லண்டு போன்ற சோதனைகளை நடத்தும் முறை விரைவில் கைவந்துவிடும். குடும்ப வரலாறு கேட்பதுதான் கடினம். பள்ளிக்குப் போக மறுக்கும் பத்து வயதுப் பையனை அழைத்துவரும் அப்பத்தா, அவனிடம் கேட்கும் கேள்விக்கெல்லாம் தாமே பதில் சொல்வார். அவரைத் தடுக்காமல் முழுவதும் கேட்டுவிட்டு, பிறகு பையனிடம் தனியே ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் இருப்பவர்களை வரையச் சொல்ல வேண்டும். அவன் யாரை முதலில் வரைகிறான், சிங்கப்பூரில் இருக்கும் தந்தையைத் தாளில் எங்கே வைக்கிறான் என்பதைக் கவனிக்கலாம். ஆனால் அதிலிருந்து உடனே முடிவுக்கு வரக்கூடாது, அடுத்த கேள்விக்கு அது ஒரு வாசல் மட்டுமே.

பெரியவர்களிடம் கேட்டு மூன்று தலைமுறைக்கான குடும்ப உறவு வரைபடம் போடும்போது, 'கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா' என்ற பாடநூல் கேள்வி இங்கே போதாது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மணமான மகனை வேறு வைப்பது, அதாவது தனிக் குடித்தனமாக்குவது, மரபாதலால், ஒரே வளவில் (ஒரே பெரிய வீட்டில்) வாழ்ந்தாலும் அடுப்பும் வரவுசெலவும் தனித்தனியாக இருக்கக்கூடும். எனவே பிள்ளை எந்த அடுப்பில் சாப்பிடுகிறான், பள்ளிக் கட்டணம் யார் கட்டுகிறார்கள், காய்ச்சல் வந்தால் இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த, குடும்பமாயின் பெற்றவர்கள், கூட்டிக்கொண்டவர்கள் இரு தரப்பையும் குறிக்க வேண்டும். ஆனால் பையனுக்கு அது தெரியுமா என்பதைப் பெரியவர்களிடம் தனியே கேட்டறியும் வரை அவன் எதிரில் அந்தப் பேச்சை எடுக்கலாகாது.

ஊரே உறவாக இருக்கும் இடத்தில் ரகசியம் காப்பதற்கும் தனிப் பயிற்சி தேவை. மேற்பார்வையாளரிடம் பேசும்போதுகூட வீட்டுப் பெயரையும், நகரத்தாரின் குலப்பிரிவான கோயில் பிரிவையும் தவிர்த்துவிடுவது நல்லது. எனினும் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று குழந்தையிடம் ஒருபோதும் வாக்குக் கொடுக்கக்கூடாது. குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், அத்தகைய குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே பெற்றோருக்கும், குழந்தைக்குப் புரியும் சொற்களில் குழந்தைக்கும், விளக்கிவிட வேண்டும்.