ரெஸ்யூம்ல 11 மொழி வேணாம், இலைக் கணக்கு ஒண்ணு போதும்

போன வாரம் கோத்தகிரி போயிருந்தப்ப பக்கத்து வீட்டுத் தம்பி ரெஸ்யூமக் காட்டுனான், கம்ப்யூட்டர் சயின்ஸ் இப்பதான் முடிச்சிருக்கான், ஜாவா பைத்தான் ரியாக்ட்னு புரோகிராமிங் மொழி, டூல்னு 11 பேரு வரிசையா இருக்கு, இதுல எதுலடா என்ன செஞ்சேன்னு கேட்டா தலையச் சொறியுறான். இன்டர்வியூலயும் அதத்தான கேப்பாங்க. அவனுக்குச் சொன்னத அப்படியே எழுதுறேன்.

முதல்ல ஒரு மொழிய வச்சுக்கிட்டு மத்தத அழிங்க. எதா இருந்தாலும் சரி.

ரெண்டாவது, வீட்டுல நெஜமாவே தேவைப்படுற ஒண்ணச் செய்யுங்க. லைப்ரரி மேனேஜ்மென்ட் வேணாம், எல்லாரும் அதையேதான் தூக்கிட்டு வர்றாங்க. பச்சத் தேயிலைக் கணக்கு எடுங்க: தெனம் ஃபேக்டரிக்கு எத்தன கிலோ போட்டோம், ஈரத்துக்கு எவ்ளோ கழிச்சாங்க, கைக்கு எவ்ளோ வரணும். லேசாத்தான் தெரியும், ஆனா இலை இன்னைக்குப் போடுறோம் விலை மாசத்துக்கு ஒண்ணுன்னு பின்னாடிதான் வருது, அதனால எடைக்கு ஒரு டேபிள் விலைக்கு ஒரு டேபிள், ரெண்டையும் மாசத்த வச்சு ஜாயின் பண்ணணும். டேபிள்ல இருந்து தகவல் எடுக்குற மொழியான எஸ்கியூஎல் இப்படித்தாங்க மண்டையில ஏறும். காச மட்டும் ஃப்ளோட்ல, அதாவது புள்ளி வச்ச எண்ணா வைக்காதீங்க, பைத்தான்ல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டுனா 0.30000000000000004னு வரும், பைசாவா மாத்தி முழு எண்ணா வைங்க. அப்பா நோட்டுக்கும் என் ஸ்கிரீனுக்கும் பைசா இடிச்சு திட்டு வாங்குனப்புறம்தான் எனக்கே இது புரிஞ்சுது.

அடுத்தது கிட், கோட்ல பண்ற மாத்தத்தையெல்லாம் வரிசையா சேத்து வைக்கிற டூல். 2005ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதுனது. ஆரம்பத்துக்கு இனிட் (தொடங்குறது), ஆட் (எந்த மாத்தம்னு எடுத்து வைக்கிறது), கமிட் (அதப் பதிவு பண்றது)னு மூணு கமாண்ட் போதும். மழையில நெட் போனாலும் கமிட் ஆகும், அது லேப்டாப்லயே சேருது, நெட் வந்ததும் புஷ் பண்ணி ஆன்லைனுக்கு அனுப்பிக்கலாம். கமிட்டோட எழுதுற மெசேஜ்ல சும்மா "சேஞ்சஸ்"னு போடாம "ஈரக் கழிவு மைனஸ்ல போனதச் சரி பண்ணேன்"னு எழுதுங்க. பாஸ்வேர்ட உள்ள வச்சு கமிட் பண்ணிராதீங்க, அப்புறம் ஃபைல்ல அழிச்சாலும் ஹிஸ்டரில கெடக்கும்.

எரர் வந்தா உடனே ஏஐகிட்ட ஒட்டாதீங்க. பைத்தான்ல கடைசி வரியில என்ன தப்புன்னு இருக்கும், அதுக்கு மேல எந்த வரின்னு இருக்கும், ஒரு தடவ படிங்க.

கடைசியா, செஞ்சத அம்மாகிட்ட டெக்னிக்கல் வார்த்த இல்லாம சொல்லிப் பாருங்க, ஏன் ரெண்டு டேபிள்னு அவங்களுக்குப் புரிஞ்சா இன்டர்வியூ பண்றவருக்கும் புரியும்.

ஆங், கோயம்புத்தூர்ல இன்டர்வியூன்னா மழைக்காலத்துல முந்துன நாளே எறங்கிருங்க, மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சா இன்டர்வியூ பண்ண உள்ள ஒக்காந்திருக்கவருக்கு அது எங்க தெரியப் போகுது.