மழைக்கு முன் மேல்நிலைத் தொட்டி பராமரிப்பு: கடைக்கோடிக் குழாய் வரை

ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது. மாதாமாதம் தொட்டி கழுவுவது வேறு, வருடத்துக்கு ஒருமுறை ஐப்பசி மழைக்கு முன் செய்யும் முழுப் பராமரிப்பு வேறு. 30,000 லிட்டர் தொட்டியை வைத்துச் சொல்கிறேன்.

தொட்டியில் ஏறுவதற்கு முன் வால்வுகளைப் பாருங்கள். வால்வு சரியாக மூடவில்லை என்றால் கழுவிய தண்ணீர் தெருக்குழாய்க்குப் போய்விடும். ஒவ்வொரு கேட் வால்வையும் முழுக்க மூடித் திறந்து, எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதுங்கள். போன வருடம் 14 சுற்று மூடியது இப்போது 9-லேயே நின்றால் அடியில் மண் சேர்ந்திருக்கலாம். இறுகிய வால்வைக் கடப்பாரை போட்டு முறுக்க வேண்டாம். கொஞ்சம் மூடி, கொஞ்சம் திறந்து மெல்ல இளக்குங்கள்.

அடுத்தது வால்வு குழி. இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். நாம் 24 மணி நேரமும் தண்ணீர் விடுவதில்லை. நிறுத்தியதும் குழாய் வடியும்போது, குழியில் தேங்கிய அழுக்கு நீரைக் கசிவு வழியே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருமுறை தொட்டியைப் பளிச்சென்று கழுவிவிட்டு வந்தேன். மறுநாள் கடைசித் தெருவில் ஒரு அம்மா குடத்தைச் சாய்த்துக் காட்டினார், அடியில் கறுப்பாக மண்டி. அந்தத் தெருமுனைக் குழியில் முழங்கால் அளவு சாக்கடை நின்றது. குழியை இறைத்து, கசிவை அடைத்து, மூடி போட்டுவிடுங்கள்.

இனி தொட்டி. மோட்டாரை நிறுத்தி, விநியோக வால்வை மூடி, வாஷ்அவுட் (அடியில் உள்ள கழிவுநீர் வெளியேற்றும் குழாய்) வழியாக வடியுங்கள். தனியாக உள்ளே இறங்காதீர்கள், மேலே ஒருவர் நிற்கட்டும். சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி வெளியே வந்த பிறகுதான் பிளீச்சிங் பவுடர். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்றால் மொத்தம் 1.5 கிலோ. பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் 6 கிலோ பவுடர் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். 24 மணி நேரம் கழித்து வடித்துவிடுங்கள். மீன் இருக்கும் குளத்தில் விடக் கூடாது.

காற்றுக்குழாய், ஓவர்ஃப்ளோ குழாய் இரண்டிலும் கொசுவலை கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். மோட்டார் தொட்டியை நிரப்ப எடுக்கும் நேரத்தையும் குறித்து வையுங்கள். போன வருடத்தைவிடக் கூடியிருந்தால் ஏறுகுழாயில் கசிவா, பம்ப் தேய்மானமா, போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கிவிட்டதா என்று தேட வேண்டும்.

பிறகு தொட்டியை மறுபடி நிரப்பி வழக்கமான அளவு போடுங்கள்: 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர், அதாவது 120 கிராம். அரை மணி நேரம் விட்டு, தெருமுனை வாஷ்அவுட்டுகளைத் திறந்து கலங்கல் போகும்வரை ஓடவிடுங்கள்.

கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஓ.டி. (ஆர்த்தோடொலிடின், நீரில் மீதமுள்ள குளோரினைக் காட்டும் திரவம்) சொட்டு விடுங்கள். மஞ்சள் நிறம் வந்து, நிற அட்டையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் காட்ட வேண்டும். வரவில்லையென்றால் அந்தத் தெருவின் குழிகளையும் கசிவுகளையும் மறுபடி பாருங்கள். அங்கே மஞ்சள் தெரிந்த பிறகு தொட்டியில் தேதியை எழுதுங்கள்.